சம்பந்தி செய்த கறி அல்வா

என்னை வேட்டைக்காரன் என்று யாரும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டேன். அதற்கு ஆன நேரம் ஐந்து வினாடி.

என் மகள் நர்ஸ் வேலைக்காகப் பின்லாந்து போனாள். நாலாவது வருஷம், அங்கேயே கூட வேலை பார்த்த ஒரு அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக லுத்தரன் சபை. பையனும் அதே சபை என்று தெரிந்ததும், எதிர்ப்பதற்கென்று நான் எடுத்து வைத்திருந்த ஒரே காரணமும் போயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வீட்டாரும் முகம் பார்த்துக்கொள்ள வீடியோ கால் போட்டார்கள். அந்தப் பக்கம் பையனின் அப்பா மட்டும்தான். அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

சம்பந்திக்குப் பின்னால் சுவரில் ஒரு ஜோடிக் கொம்பு மாட்டியிருந்தது. ஆளுயரத்துக்கு விரிந்த கொம்பு. மூஸ் என்று ஒரு மானாம். எருமையைவிடப் பெரிதாக இருக்குமாம். என் பின்னால் இருந்தது, நான் கணக்கு வாத்தியாராக ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த சுவர்க் கடிகாரம். அதுவும் ஓடவில்லை.

"எங்க வீட்ல வேட்டை உண்டு, உங்க வீட்ல உண்டான்னு கேக்கிறாங்கப்பா" என்றாள் மகள்.

அந்தக் கொம்பையும் என் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

"உண்டுன்னு சொல்லும்மா. வயசுக் காலத்துல முயலு, காட்டுக்கோழின்னு எதையும் விட்டதில்ல."

பக்கத்தில், கேமராவில் படாத இடத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்குப் புரையேறியது.

உண்மை இதுதான். கல்லூரிக் காலத்தில், குறுவை அறுப்பு முடிந்த ஒரு சாயங்காலம், நண்பர்கள் என்னை முயல் பிடிக்கக் கூட்டிப் போனார்கள். அது சட்டப்படி தப்பு என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது. வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்கச் சொன்னார்கள். முயல் நேராக என்னை நோக்கி வந்தது. நான் வலையைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி வழி விட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, எதிரே யாராவது வேகமாக வந்தால் ஒதுங்கிவிடுவது என் சுபாவம். அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. காட்டுக்கோழியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணம் முடிந்து, அடுத்த கிறிஸ்துமசுக்கு மகள், மாப்பிள்ளை, சம்பந்தி மூன்று பேரும் சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்தார்கள். சம்பந்தி ஆறே முக்கால் அடி. எங்கள் வீட்டு நிலைப்படியில் முதல் நாளே இரண்டு முறை இடித்துக்கொண்டு, அப்புறம் வீட்டுக்குள் குனிந்தே நடந்தார். பேச்சு குறைவு. இட்லியைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டார். எதைக் கொடுத்தாலும் தலையசைத்து வாங்கிக்கொண்டார். என் மனைவிக்கு அவரைப் பிடித்துவிட்டது. "என்ன ஒரு மரியாதை பாருங்க" என்று என்னிடம் ஒரு மாதிரியாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலைப் பலகாரத்தின்போது அவர் மகளிடம் நீளமாக ஏதோ சொன்னார். அவர் பெட்டியிலிருந்து ஒரு கத்தி, ஒரு சின்னப் பொட்டலம், டியூபில் அடைத்த கடுகு விழுது எல்லாம் வெளியே வந்தன. பொட்டலத்தில் மிளகு போலவே உருண்டைகள். மோந்து பார்த்தால் கிராம்பு வாசனை.

"அப்பா, மாமா உங்களோட வேட்டைக்கு வரணுங்கறார். கிடைக்கிற மிருகத்தோட தலை, கால், வாலை மட்டும் குடுத்தாப் போதுமாம். அவங்க ஊர்க் கிறிஸ்துமஸ் சாப்பாடு ஒண்ணு செஞ்சு தரேங்கறார்."

"நல்ல கறியெல்லாம் வேணாமாமா?" என்றாள் என் மனைவி.

"வேணாம்மா. மூஸோட உதடு, மூக்கு, நாக்கு, காது இதெல்லாம் ஆறேழு மணி நேரம் வேகவச்சு, எலும்பை எடுத்துட்டு, அந்தத் தண்ணியோட ஆற வைப்பாங்க. அப்படியே உறைஞ்சு கண்ணாடி மாதிரி நிக்கும். நம்ம ஆட்டுக்கால் பாயா மறுநாள் பிரிட்ஜுல கட்டியாயிடும்ல, அது மாதிரி."

"அதை நாம சூடு பண்ணித்தானே ஊத்திக்குவோம்?"

"இவங்க ஜில்லுன்னே துண்டு போட்டுத் திம்பாங்க."

என் மனைவி சம்பந்தியைப் பார்த்துப் புன்னகைத்தாள். எனக்கு அந்தப் புன்னகை தெரியும். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் அப்படித்தான் சிரிப்பாள்.

எனக்கு அப்போது நல்ல வழி ஒன்று இருந்தது. இந்த நாட்டில் வேட்டையாடத் தடை, பிடித்தால் ஜெயில், அதனால் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் சொன்னேன். மகள் மொழிபெயர்த்தாள். சம்பந்தி ஒத்துக்கொண்டு தலையசைத்தார். கத்தியை உறையில் போட்டு, பொட்டலத்தை மடித்தார். அந்தப் பெரிய கைகள் அவ்வளவு மெதுவாகப் பொட்டலத்தை மடித்ததைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆனா ஒண்ணும்மா. இங்க காட்டு ஆடு கிடைக்கும். அதுக்குத் தடையில்ல. நமக்குத் தெரிஞ்ச ஆள் மூலமா நான் ஏற்பாடு பண்றேன்னு சொல்லு."

எங்கள் ஊரிலிருந்து கடல் வரைக்கும் வயல்தான். காடு என்று சொல்லிக்கொள்ள வடிகால் ஓரத்தில் கொஞ்சம் கருவை முள் இருக்கிறது. மகள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். சம்பந்தி மறுபடியும் பொட்டலத்தைப் பிரித்தார்.

இருபத்திநாலாம் தேதி காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என்னிடம் படித்தவர். நான் சொல்லிக் கொடுத்த கணக்கில் அவர் ஒரு முறையும் தேறியதில்லை. ஆனால் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் எழுந்து நிற்பார்.

"பாய், ஒரு தலை வேணும், உடைக்காம முழுசா. வால் வேணும். காட்டு ஆடா வேணும்."

பாய் கத்தியைக் கட்டையில் வைத்தார்.

"சார், நம்ம ஊர்ல எது காட்டு ஆடு? யாரு வயல்லயாவது பூந்து மேய்ஞ்சா அதான் காட்டு ஆடு."

"சம்பந்தி வெளிநாட்டுக்காரர். காட்டு ஆடுன்னு சொல்லிட்டேன். அவர் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லணும்."

"அவருக்குத் தமிழ் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்ப நீங்களே சொல்லிக்கலாமே. என்னை எதுக்கு சார் உள்ள இழுக்கறீங்க?"

இவரைப் போய்க் கணக்கில் பெயிலாக்கினோமே என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் நன்றாக உறைய வேண்டுமானால் கால்தான் நிறைய வேண்டும் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"கால் எட்டு போடுங்க" என்றேன்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு தலைக்கு எட்டுக் காலா? அப்ப இது காட்டு ஆடுதான் சார், சந்தேகமே இல்ல."

தலையையும் கால்களையும் தீயில் வாட்டிச் சுரண்டி, தனித்தனியாகத் தாமரை இலையில் கட்டிக் கொடுத்தார்.

கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, அண்டாவை ஏற்றி, சம்பந்தி தயாராக நின்றிருந்தார். என் பழைய கைலி ஒன்றைக் கட்டியிருந்தார். எனக்குக் கணுக்கால் வரைக்கும் வருவது அவருக்கு முழங்காலோடு நின்றது. நான் தலைப் பொட்டலத்தை முதலில் கொடுத்தேன். கொடுக்கும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, பலகையில் வைத்துப் பிரித்து, அந்தத் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். வலது காதைத் தடவினார். இடது காதைத் தடவியவர் நிறுத்திக்கொண்டார்.

காதின் அடியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி முனையால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மஞ்சள் பிளாஸ்டிக். தீயில் பாதி உருகிப் போயிருந்தது. மீதிப் பாதியில் இரண்டு எண்கள் தெளிவாகத் தெரிந்தன.

ஆட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தால் காதில் மாட்டிவிடுகிற வில்லை அது.

மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் மனைவி வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. நிதானமாக ஏதோ கேட்டார்.

"உங்க ஊர்ல காட்டு மிருகத்துக்கும் நம்பர் போடுவாங்களான்னு கேக்கிறார்ப்பா."

முப்பத்திநாலு வருஷம் வகுப்பில் எத்தனையோ பையன்களைத் தலை குனிந்து நிற்கவைத்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அறுபத்திரண்டு வயதில், கையில் எட்டுக் காலோடு நின்றேன்.

"சொல்லிடும்மா. நான் வேட்டைக்காரன் இல்ல. ஒரு எலியைக்கூடப் பிடிச்சதில்ல. அவர் பின்னாடி அந்தக் கொம்பு இருந்துச்சு, அதைப் பார்த்து வாய் தவறிச் சொல்லிட்டேன்."

அவள் சொன்னாள். அவர் அந்த மஞ்சள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, விறகைத் தள்ளிக்கொண்டே பேச ஆரம்பித்தார். மகள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள்.

அந்தக் கொம்பு அவர் சுட்ட மூஸுடையது இல்லை. அவர் மனைவி சுட்டது. அவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை; சத்தம் ஆகாது. வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் அந்த அம்மா ஊர் ஆட்களோடு காட்டுக்குப் போவார். கறியைப் பங்கு போட்டதும், தலையும் காலும் யாருக்கும் வேண்டாமல் கிடக்கும். அந்த அம்மா அதை வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார், இவர் சமைப்பார் என்று. அவ்வளவு பெரிய உதட்டை, மூக்கை, ரோமம் போகச் சுரண்டுவதற்கே இவருக்கு ஒரு நாள் ஆகும். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அது எந்தப் பக்கமிருந்து வந்தது, காற்று எப்படி அடித்தது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருப்பார். இவருக்கு வேட்டை என்றால் அந்தப் பேச்சுதான். அந்த அம்மா போன பிறகு யாரும் தலை கொண்டுவந்து தரவில்லை.

"நீங்க வேட்டைக்காரர்னு சொன்னதும் ரொம்ப சந்தோஷப்பட்டாராம்ப்பா. அத்தை இருந்திருந்தா உங்ககிட்ட பேச அவங்களுக்கு எவ்வளவோ இருந்திருக்கும்னு நெனச்சாராம். தனக்கு அடுப்பு வேலை மட்டும்தான் தெரியும், உங்களோட என்ன பேசறதுன்னு பயந்துக்கிட்டே பிளேன் ஏறினாராம்."

கொம்பைப் பார்த்துப் பொய் சொன்னேன். அது வெறும் பொய்யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு மனிதரின் செத்துப்போன மனைவிக்கு நான் தோழனாகத் தெரிந்திருக்கிறேன். அவர் அருகில் போய்க் குந்தினேன். முட்டி சத்தம் போட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் சிரித்தார். அந்தப் பெரிய உடம்பு முழுக்கச் சிரித்தது. மஞ்சள் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

"இவர்கிட்ட சொல்லு" என்றேன். "அடுப்பு வேலைகூட எனக்குத் தெரியாதுன்னு."

அது பொய் இல்லை என்று அன்றைக்கு முழுவதும் நிரூபித்தேன்.

தண்ணீர் கொதிக்கக் கூடாது. அண்டா அடியிலிருந்து எப்போதாவது ஒரு குமிழி வர வேண்டும், அவ்வளவுதான். கொதித்தால் கலங்கிவிடும். விறகைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார்; பத்தாவது நிமிஷத்தில் பொங்க விட்டேன். என்னை நுரை எடுக்கும் வேலைக்கு மாற்றினார். நுரையோடு பாதித் தண்ணீரையும் எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட்டேன். என் மனைவி இரண்டு முறை வந்து, "குக்கர்ல எட்டு விசில் விட்டா முடிஞ்சிருமே, இதுக்கு ஏன் இத்தனை நேரம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதை மட்டும் மகள் மொழிபெயர்க்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அண்டாவை உள்ளே தூக்க முடியாது. வீட்டில் இருந்த ஒரே பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். குடை அண்டாவுக்கு; எனக்கும் சம்பந்திக்கும் விளிம்பில் கிடைத்ததுதான். அவர் பின்லாந்து மொழியில் ஏதோ சொன்னார். நான் சம்பா கதிர் விடுகிற நேரம், இந்த மழை நல்லதா கெட்டதா என்று தமிழில் சொன்னேன். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே பேசிக்கொண்டிருந்தோம்.

நாலு மணிக்குத் தலையை வெளியே எடுத்து, எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கச் சொன்னார். கன்னத்துக் கறி வரைக்கும் தைரியமாகப் பிரித்தேன். நாக்குத் தோலை உரிக்கச் சொன்னபோதும் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். திறந்தபோது தலை என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. எழுந்து முருங்கை மரத்தடிக்குப் போனேன். மதியம் சாப்பிட்டது எல்லாம் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது என் மனைவி என் இடத்தில் உட்கார்ந்து, காதை மெலிசாக நறுக்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தி அவளைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார், பாராட்டும் விதமாக.

பழைய வேட்டியில் வடிகட்டினார்கள். தங்க நிறத்தில், தெளிவாக, விரலில் பட்டால் ஒட்டுகிற மாதிரி இறங்கியது. என் மனைவி ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி இருக்கு" என்று என் காதில் சொன்னாள். சம்பந்தி குளிக்கப் போனதும், இடித்த மிளகும் பூண்டும் ஒரு கைப்பிடி உள்ளே போயிற்று. அவரிடம் இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அந்த வீட்டில் நான் மட்டும் பொய்க்காரன் இல்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். கறியை ஒரு குழித்தட்டில் பரப்பி, அந்தத் தண்ணீரை மேலே ஊற்றி, பிரிட்ஜிலிருந்து இட்லி மாவை வெளியே எடுத்துவிட்டு, தட்டை உள்ளே வைத்தோம்.

மறுநாள் காலை ஆராதனை முடிந்து, என் அக்காவும் மற்ற சொந்தங்களும் சாப்பிட வந்தார்கள். சம்பந்தி சட்டையை மாற்றிக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசை நடுவில் கவிழ்த்தார். பாளமாக விழுந்து, ஒரு முறை குலுங்கி நின்றது. உள்ளே நாக்கு, காது, கன்னக்கறி எல்லாம் பளிங்கில் பதித்தது போலத் தெரிந்தன. உண்மையிலேயே அழகாக இருந்தது. யாரும் கை வைக்கவில்லை.

"தம்பி, இது என்ன, கறி அல்வாவா?" என்றாள் அக்கா.

"உங்க தம்பி வேட்டையாடினதுங்க" என்றாள் என் மனைவி.

சம்பந்தி துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொருவர் இலையிலும் வைத்து, பக்கத்தில் கடுகு விழுதைப் பிதுக்கினார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா பெரியவள். விருந்தாளி மனம் நோகக்கூடாது என்று நினைப்பவள். அந்தத் துண்டை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் மனம் மாறி, ஆவி பறந்த சோற்றின் மேல் வைத்துவிட்டாள்.

நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருகியது. முதலில் ஓரம் மழுங்கியது, அப்புறம் நடு இறங்கியது. ஒரு நாள் முழுக்கக் குமிழி எண்ணிச் செய்தது, அரை நிமிஷத்தில் சோற்றுக்குள் போய்விட்டது. நான் சம்பந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அக்கா பிசைந்து ஒரு வாய் போட்டாள். கண்ணை மூடினாள்.

"இன்னும் ரெண்டு துண்டு வைக்கச் சொல்லு" என்றாள்.

அதற்குப் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. எல்லா இலையிலும் உருகியது. சம்பந்தி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தனக்கும் ஒரு இலை கேட்டார். சோற்றின் மேல் துண்டை வைத்து, அது கரைகிற வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே பிசைந்தார். பாதி மடியில் விழுந்தது.

"அத்தை இருந்திருந்தா இதைப் பார்த்துத் திட்டியிருப்பாங்களாம்" என்றாள் மகள். அவர் இன்னொரு வாய் தின்றுவிட்டு மேலும் ஏதோ சொன்னார். "இந்தத் தடவை மிளகு எப்படி இவ்வளவு நல்லா இறங்கியிருக்குன்னு தெரியலையாம்."

என் மனைவி ரசம் எடுத்து வர உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் ஜனவரியில் கிளம்பினார்கள். போகும்போது சம்பந்தி என்னைக் கட்டிக்கொண்டார். என் மூக்கு அவர் சட்டைப் பொத்தானில் இடித்தது. அந்த வருஷம் ஐப்பசி மழையில் எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. மனைவியை அடுப்பங்கரையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, நானே தனியாகச் செய்கிறேன் என்று இறங்கினேன். எல்லாம் நினைவிருந்தது, தண்ணீர் எவ்வளவு என்பதைத் தவிர. நடுவில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன். அது தாராளமாகக் கொதித்தது. மூன்று நாள் பிரிட்ஜில் வைத்தும் உறையவில்லை.

நாலாம் நாள் சம்பந்தியே வீடியோவில் வந்து, எப்படி வந்தது என்று மகள் மூலம் கேட்டார். இந்த முறை உண்மையைக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். தட்டைத் தூக்கி, நன்றாகத் தெரியட்டும் என்று போனுக்கு நேராகச் சாய்த்தேன். பாதித் தட்டு போன் மேல் கொட்டியது. அவர் முகம் கலங்கி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, மறைந்தது.

என் மனைவி போனைத் துடைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். தட்டில் மிஞ்சியதைச் சட்டியில் ஊற்றி, மிளகு தட்டிப்போட்டு, மூன்று வேளை எனக்கு மட்டும் சூப்பாக ஊற்றினாள். போன் பிழைத்துக்கொண்டது. பேசும்போது மட்டும் ஸ்பீக்கர் கொஞ்சம் காதில் ஒட்டுகிறது.